பட்டினிக் காது

பல் டாக்டர் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒழுங்காக ரிவர்ஸ் எடுத்தார். கோட்டைத் தொடவில்லை, கம்பத்தில் இடிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஆமை வேகத்தில் பின்னால் போய்க்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தது நான்தான்.

“மேடம், நான் என்ன பண்ணேன்?” என்றார்.

“நீங்க ஒண்ணும் பண்ணல சார். வண்டியை ஆஃப் பண்ணுங்க.”

டிரைவிங் ஸ்கூலில் ஒன்பது வருடமாகக் கற்றுக்கொடுக்கிறேன். வண்டியில் உட்கார்ந்தால் ஃபோனைத் தொடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், அன்றைக்கு ஒரு காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்புதான். ஆனால் காலை பத்து மணிக்கு எங்கள் பாட்டு வெளியாகியிருந்தது. பத்தேகாலுக்கு என் கணவன் அதை அனுப்பி, கூடவே எழுதியிருந்தான்: “இப்ப கேளு. மனசு விட்டுத் திட்டு.”

நாங்கள் நாலு பேர், பதினோரு வருடமாக ஒரு ராக் இசைக்குழு. கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. பாட்டு எழுதுவதிலிருந்து போஸ்டர் ஒட்டுவது வரைக்கும் நாங்களேதான். நான் டிரம்ஸ். கணவன் கிட்டார். வேலை நாட்களில் லிஃப்ட் மெக்கானிக். பாடுகிறவள் காக்கா. கரகரத்த குரல் என்று நாங்கள் வைத்த பெயர், அவளுக்கே அதுதான் பிடிக்கும். என்னை அக்கா என்பாள், அவனை மாமா என்பாள். பேஸ் கிட்டார் வாசிப்பவரைத் தூண் என்போம். மேடையில் ஏறி நின்றால் இறங்குகிறவரைக்கும் மனுஷன் அசைய மாட்டார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாட்டைப் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் அதையே தட்டிக்கொட்டிக்கொண்டிருந்தால் காது மரத்துப்போகும். நல்லது எது, குப்பை எது என்று தெரியாது. அதனால் நாலு பேரில் ஒருவர் ஒதுங்கியிருக்க வேண்டும். தன் பங்கை வாசித்துக் கொடுத்த பிறகு, பாட்டு முடிகிறவரை ஒரு துண்டுகூடக் கேட்கக்கூடாது. முடிந்ததும் ஒரே மூச்சில் கேட்டு, முகதாட்சண்யம் பார்க்காமல் குறை சொல்ல வேண்டும். அதற்குப் பட்டினிக் காது என்று பெயர். பட்டினிக் காது தலையாட்டினால்தான் பாட்டு வெளியே போகும்.

இந்தத் தடவை அது தூணின் முறை. “நீ இரேன், உன் காதுதான் இந்தப் பாட்டுக்குச் சரி” என்று என் கணவன்தான் மாற்றினான். பிறகு நான் கேட்டுத் தலையாட்டுவதற்கு முன்னாலேயே பாட்டு வெளியாகிற தேதியையும் அறிவித்துவிட்டான். “தேதி குடுத்தாச்சு, என்ன பண்றது” என்றான். அப்போதே எனக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தைக்கவில்லை.

பாட்டின் பெயர் ‘ஈரச் சட்டை’. வேலைக்குப் போகிற வழியில் மழையில் நனைந்துவிட்டு, நாள் முழுக்க அதே சட்டையோடு மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒருவனைப் பற்றியது. தொடக்கத்தில் கிட்டார் ரெண்டு சுற்று அதிகம், வெட்டியிருக்கலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். காக்காவின் குரல் அபாரம். மூச்சு வாங்குவதைக்கூட அழிக்காமல் விட்டிருந்தார்கள், நல்ல வேலை. தூண் வழக்கம்போல் தூண்.

அப்புறம் டிரம்ஸ் வந்தது.

சத்தம் என்னுடையது. என் ஸ்நேர் டிரம்மின் தோலை நான் எவ்வளவு இறுக்குவேன் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அதை அடிப்பது நான் இல்லை. இரண்டாவது சரணத்தில் “சட்டையும் காயல, நாளும் காயல” என்று ஒரு வரி வரும். அந்த இடத்தில் நான் அடியைக் கொஞ்சம் தள்ளிப் போடுவேன், அந்த ஆள் நாற்காலியில் சாய்கிற மாதிரி இருக்கும். பதிவு அன்றைக்கும் அப்படித்தான் வாசித்தேன். இதில் அப்படி ஒன்றுமே இல்லை. கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்த மாதிரி ஒவ்வொரு அடியும் கோட்டின் மேலேயே விழுந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே கனம். பல்லவிக்கு முன்னால் நான் வேண்டுமென்றே பறந்தடித்துக்கொண்டு வருகிற உருட்டலையும் கையைக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். அந்த இடத்தில்தான் பிரேக்கை மிதித்தேன்.

“என்னாச்சு மேடம்?”

இயர்ஃபோனைப் பிடுங்கிவிட்டு, ஃபோனிலேயே சத்தமாக வைத்தேன். “கேட்டுச் சொல்லுங்க சார், எப்படி இருக்கு?”

பாவம், தலையைச் சாய்த்துக் கவனமாகத்தான் கேட்டார். “நல்லாத்தானே இருக்கு? டிரம்ஸ் எல்லாம் எங்க டிரில் மெஷின் மாதிரி அவ்ளோ கரெக்டா இருக்கு.”

எரிகிற தீயில் அந்த மனுஷன் ஒரு குடம் எண்ணெயைக் கவிழ்த்தார். பாடத்தை அத்தோடு முடித்து, அவரை கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, பள்ளிக்கு ஃபோன் பண்ணி மதியம் வரை லீவு சொன்னேன். வீடு போய்ச் சேருகிறவரை அந்தப் பாட்டை நாலு தடவை கேட்டேன்.

எதற்கு இவ்வளவு கோபம் என்றால், அதற்கு என் இடது மணிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் படியில் டிரம்மைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது விழுந்து உடைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு தகடு, ஆறு திருகாணி. நாலு மாதம் அந்தக் கையால் ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பயிற்சி, வெந்நீர், ரப்பர் பந்து, மறுபடி பயிற்சி. பழையபடி வாசிக்க வருமா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, “எலும்பு கூடிடுச்சு, மிச்சத்தை நீங்கதான் சொல்லணும்” என்று கழன்றுகொண்டார். அதற்குப் பிறகு நான் வாசித்த முதல் பாட்டு இதுதான். என் கை திரும்பி வந்ததா இல்லையா என்பதற்கு இருந்த ஒரே சாட்சி. அதைத்தான் அழித்து வைத்திருந்தார்கள்.

என் கணவன் பாட்டு வெளியாகிற நாள் என்று லீவு போட்டிருந்தான். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில், சுவரில் சாய்த்த மெத்தைகளுக்கு நடுவில், கம்ப்யூட்டர் முன்னால் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான்.

“என்ன, சீக்கிரம் வந்துட்ட? கேட்டியா?”

“யார் வாசிச்சது?”

“யாருன்னா? நீதான்.”

“காதுல பூ சுத்தாத. யார் வாசிச்சது?”

திருதிருவென்று முழித்தான். பிறகு மென்று முழுங்கினான். “உன் டிரம்ஸ்தான். அடியெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து, கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சரி பண்ணேன்.”

“கொஞ்சமா?”

“முழுசா.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசமா.”

ரெண்டு மாதமாக இந்த மனுஷன் இந்த அறையில் உட்கார்ந்து என்னை வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறான். நான் டீ கொண்டுவந்து வைப்பேன். நீ பட்டினிக் காது, பார்க்கக்கூடாது என்று திரையைத் திருப்பிக்கொள்வான். என்ன நியாயமான ஆள் என்று நானும் பூரித்துப்போய் நிற்பேன். மடச்சி!

“அவங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?”

தெரியும் என்று தலையை ஆட்டினான். அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தூண் ஏன் ஒரு மாதமாக என் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் தானே திறந்து நீட்டுகிறார்? காக்கா ஏன் எதைச் சொன்னாலும் “நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா” என்கிறாள்? செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நடந்துகொண்டிருக்கிறார்கள். செத்தது என் கை, எனக்கு மட்டும் தெரியாது.

“எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“நீ உடைஞ்சு போயிடுவன்னுதான். எட்டு மாசம் எவ்ளோ பாடுபட்ட? எப்படிச் சொல்றது, உன் கை லேட்டா விழுதுன்னு?”

“லேட்டா?”

“வேணாம், விடு.”

“எடு. நான் வாசிச்சதை அப்படியே எடு.”

எடுத்தான். திரையில் கோடு கோடாகத் தாளத்தின் கட்டங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, என் அடி ஒரு கறுப்பு மேடாகத் தெரிந்தது. ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நாற்பது பங்கு தாமதம் என்றான். ஒன்றிரண்டு அடி இல்லை. எல்லா அடியும். கிட்டாரோடு சேர்த்து ஓட்டிக் காட்டினான். கிட்டார் படியிறங்கிப் போன பிறகு டிரம்ஸ் பின்னாலேயே இறங்கி வருகிற மாதிரி இருந்தது. கேட்கச் சகிக்கவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து மணிக்கட்டைத் தண்ணீரில் பிடித்தேன். மடக்கினேன், நீட்டினேன். வலியே இல்லை. வலித்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு காரணம் இருந்திருக்கும். நாற்பத்தொரு வயது. இனிமேல் எந்தக் கை வரும்? மனதுக்குள்ளேயே டிரம் செட்டை விற்றேன், அந்த மூலையில் ஒரு பீரோவை வைத்தேன், அதில் துணியைக்கூட அடுக்கிவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன்.

அவன் பின்னால் வந்து தோளைத் தடவினான். “விடும்மா. எல்லாத்துக்கும் மெஷின் இருக்கு. நீ பேருக்கு வாசி, மிச்சத்தை நான் பாத்துக்கறேன். ஒருத்தருக்கும் தெரியாது.”

பேருக்கு வாசி! கையைத் தட்டிவிட்டேன். எங்கிருந்துதான் வந்ததோ, போன கோபம் இரண்டு மடங்காகத் தலைக்கேறியது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். மறுபடி அந்த அறைக்குப் போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“பெரிய டிரம்மை மட்டும் போடு. கால்ல அடிக்கிறது.”

போட்டான்.

“இது எவ்ளோ லேட்டு?”

“இதுவும் நாற்பதுதான்.”

“எனக்கு உடைஞ்சது இடது கை. வலது கால் ஏன்டா லேட்டு?”

ஒரு நிமிடம் யோசித்தான். “கை லேட்டானா உடம்பும் சேர்ந்து லேட்டாகும்ல?”

“இது என்ன சப்பைக்கட்டு! சரி, ரெண்டாவது சரணத்துல அந்தச் சட்டை வரி. அங்க நான் தள்ளித்தான் அடிப்பேன். அது எவ்ளோ?”

அளந்து பார்த்தான். “அறுபத்தஞ்சு.”

“வேணும்னு தள்ளி அடிச்சதும் சேர்த்து. அப்ப உருட்டல்ல முந்திக்கிட்டு வர்றது?”

“பத்துதான் லேட்டு.” அவன் குரல் இறங்கியது. நான் நினைத்த இடத்தில் இருபத்தைந்து பிந்தியிருக்கிறேன், நினைத்த இடத்தில் முப்பது முந்தியிருக்கிறேன். ஆனால் மொத்தமும் ஒரே நாற்பது தள்ளி நிற்கிறது. பலவீனமான கைக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வரும்?

பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. நாலு எண்ணிக்கைக்கு எல்லாமே நின்றுபோகும், காக்கா மட்டும் பாடுவாள். அங்கே நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த இடத்துக்குப் போகச் சொன்னேன். என் தலைக்கு மேல் தொங்கிய மைக்கை மட்டும் வைத்து, சத்தத்தை முழுக்க ஏற்றச் சொன்னேன்.

இரைச்சலுக்கு நடுவே மெல்லியதாகக் கேட்டது. டிக், டிக், டிக், டிக்.

அது கிளிக். தாளம் தப்பாமல் இருப்பதற்காகக் கம்ப்யூட்டர் ஹெட்ஃபோனில் அனுப்புகிற சத்தம். ஹெட்ஃபோனை நான் ஒரு காதில்தான் வைப்பேன், மற்றதைத் தள்ளி விட்டுவிடுவேன். டிரம்மை நேராகக் கேட்காமல் எனக்கு வாசிக்க வராது. அந்தத் திறந்த பக்கத்திலிருந்து கசிந்த கிளிக்கை மைக் பிடித்து வைத்திருந்தது.

“அந்த டிக்கைக் கோட்டோட வச்சுப் பாரு,” என்றேன்.

பெரிதாக்கிப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. கம்ப்யூட்டரே அனுப்பிய கிளிக், கம்ப்யூட்டரின் கோட்டிலேயே விழ வேண்டிய கிளிக், சொல்லி வைத்த மாதிரி நாற்பது பங்கு தள்ளி நின்றது.

“சொல்லு! கிளிக்குக்கும் கை உடைஞ்சுதா? அதுக்கும் தகடு வச்சு ஆறு திருகாணி போட்டிருக்காங்களா?”

மேசையோரம் இருந்த புதுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

கிட்டாரும் குரலும் வீட்டில், பழைய பெட்டியில் பதிவானவை. மைக்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டியைச் சொல்கிறேன். டிரம்ஸுக்கு மட்டும், வாடகைக்கு எடுத்த அறையில், அவன் ஆசை ஆசையாகப் புதிதாக வாங்கிய பெட்டி. அது தன் வழியாகப் போகிற எல்லாவற்றையும் நாற்பது பங்கு தாமதமாகக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. ஒரு தடவை அமைப்பைச் சரிபார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

“லிஃப்ட் சரியாத்தான் நின்னிருக்கு. வெளிய இருக்கிற பலகைதான் மாடியைத் தப்பா காட்டியிருக்கு,” என்றேன். “நீ பலகையை நம்பி லிஃப்டையே கழட்டிப் போட்டுட்ட. நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!”

மௌஸை அவன் கையிலிருந்து பிடுங்கி, என் வாசிப்பு மொத்தத்தையும் பிடித்து நாற்பது பங்கு முன்னால் நகர்த்தினேன். அவ்வளவுதான். ஓட்டினேன்.

வந்தேன். நானேதான் வந்தேன். சட்டை வரியில் சாய்ந்தேன், உருட்டலில் பறந்தேன், பல்லவியில் காக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். இடது கை தொட்ட இடமெல்லாம் உயிராக இருந்தது. உடைவதற்கு முன்னால்கூட நான் இப்படி வாசித்ததில்லை, சத்தியமாக. பாட்டு முடிந்தபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“பதிவு பண்ண அன்னிக்கு நீ எங்க நின்ன?”

“உனக்கு எதிர்லதான்.”

“நான் வாசிக்கிறப்ப எப்படி இருந்துச்சு?”

தரையைப் பார்த்தான். “உடம்பு சிலிர்த்துப் போச்சு.”

“அப்புறம்?”

“வீட்டுக்கு வந்து ஸ்க்ரீன்ல பாத்தேன். லேட்டா இருந்துச்சு.”

“உடனே என் கைதான்னு முடிவு பண்ணிட்ட. பெட்டியாங்கிற சந்தேகம் வரல. மைக்கான்னு வரல. பதினோரு வருஷம் எதிர்ல நின்னு கேட்டிருக்க, ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு இதைக் கேளுன்னு சொல்லத் தோணல. நான் போயிட்டேன்னு நம்புறதுக்கு நீ தயாரா இருந்திருக்க. அதைத்தான்டா என்னால தாங்க முடியல.”

“தப்புதான். இப்பவே மாத்திப் போட்டுடறேன். ஒரு மணி நேரம், ஒருத்தருக்கும் தெரியாம—”

“எல்லாருக்கும் தெரியணும். காக்காவுக்கு ஃபோன் போடு. ஸ்பீக்கர்ல.”

போட்டான். மறுமுனையில் அவள் எடுத்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“காக்கா, டிரம்ஸ் விஷயம். மெஷின்ல ஒரு சின்ன பிரச்சினை...”

“மெஷின் வந்து சொல்லுச்சா என் கை போச்சுன்னு?” என்றேன். “ஒழுங்கா சொல்லு.”

“அவ சரியாத்தான் வாசிச்சிருக்கா. கை நல்லா இருக்கு. எங்கயோ தப்பு நடந்துபோச்சு...”

“நடந்துபோச்சா? தானா நடந்து போச்சா? மறுபடி சொல்லு.”

ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்தான். பிறகு சொன்னான், “தப்பு என்னுது. அவ கை மேல சந்தேகப்பட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

காக்கா மெதுவாக, “அப்ப சனிக்கிழமைக்குப் பேசி வச்சிருக்கிற டிரம்மர்கிட்ட என்ன மாமா சொல்றது?” என்றாள். “பாவம், ரெண்டு வாரமா வந்து ரிகர்சல் பண்றாரே.”

அவன் ஃபோனைப் பிடுங்கக் கை நீட்டினான். நான் முந்திக்கொண்டேன். என் கை ஒன்றும் லேட் இல்லை.

“சனிக்கிழமை என்னடி?”

“அக்கா! உங்களுக்குத் தெரியாதா? ரிலீஸ் ஷோக்கா, நம்ம புதுப் பாட்டுக்கு. உங்களுக்கு மேடை வேணாம்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னு மாமா சொன்னாரே. அதைப் பத்திப் பேசினா நீங்க அழறீங்களாம், யாரும் கேக்க வேணாம்னும் சொன்னாரு. அதான் நாங்க...”

நான் அவனைப் பார்த்தேன். சனிக்கிழமை ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நாலு லிஃப்டுக்கும் பராமரிப்பு வேலை, வர நேரமாகும், நீ சாப்பிட்டுத் தூங்கு என்று அவன் என்னிடம் சொல்லி மூன்று நாள் ஆகிறது. பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

“உன்னையும் அந்தத் தூணையும் நான் அப்புறம் வச்சுக்கறேன்,” என்றேன் ஃபோனில். “இப்ப நான் சொல்றதைக் கேளு. அந்த டிரம்மருக்கு நானே ஃபோன் பண்ணி மன்னிப்புக் கேக்கறேன், நம்பரை அனுப்பு. சனிக்கிழமை நான் வாசிக்கறேன்.”

“சரிக்கா.”

“உங்க மாமாவுக்கு அன்னிக்கு லிஃப்ட் வேலை இருக்காம். வர முடியாதாம். கிட்டாருக்கு ஒரு ஆளைப் பாரு.”

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். காக்கா அவனுக்காக ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை.

“பாக்கறேன்க்கா,” என்றாள்.